செம்பூரில் கோடை இயற்கை முகாம்: வழிபாட்டிடங்கள் நடத்தும் பகல் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

மும்பை: மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு மே மாதத் தொடக்கத்தில் விடப்படும் கோடை விடுமுறை, ஜூன் நடுப்பகுதி வரை நீடிக்கிறது. இந்த ஆறு வாரக் காலத்தில் பிள்ளைகளை எங்கே விடுவது என்பது, தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் செம்பூர்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ பாலக்காட்டுக்கோ ரயிலேற்றித் தாத்தா, பாட்டி வீட்டில் விட்டுவரும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆனால் ஊரில் பெரியவர்கள் எவரும் இல்லாத குடும்பங்களும், அவர்களையும் மும்பைக்கே அழைத்து வந்துவிட்ட குடும்பங்களும் பெருகிவிட்டன.

அந்த இடைவெளியை நிரப்புபவற்றுள் வழிபாட்டிடங்களும் சமய அமைப்புகளும் நடத்தும் பகல் முகாம்கள் முக்கியமானவை. தேவாலயங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி, இந்து அமைப்புகளில் பால விகார் வகுப்பு, மசூதிகளில் தீனியாத் வகுப்பு என்று பெயர்கள் வேறுபடும். பாட்டு, கதை, மனப்பாடம், விளையாட்டு, நண்பகல் உணவு ஆகியவை பெரும்பாலும் ஒன்றே. இவற்றுடன் 'இயற்கை' என்ற சொல்லும் இப்போது சேர்ந்து வருகிறது. சமயக் கல்வியையும் மரம், பறவை, கடற்கழி ஆகியவற்றின் அறிமுகத்தையும் ஒரே முகாமில் தருவதாக அறிவிப்புகள் கூறுகின்றன.

இத்தகைய முகாம் எங்கிருந்து வந்தது, செம்பூரைப் பொறுத்தவரை அதில் எது இடம்பெற வேண்டும், பெற்றோர் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதை இத்தொகுப்பில் காண்போம்.

தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது

கோடை முகாம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1861ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரடெரிக் கன் என்பவர், தம் மாணவர்களை நடைப்பயணமாகக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரங்களில் தங்கவைத்தார். அது இரவும் தங்கும் முகாம். காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் சமய வகுப்பின் கதை வேறு. 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், மருத்துவர் ஒருவரின் மனைவியான எலைசா ஹாஸ், விடுமுறையில் தெருக்களில் அலைந்து திரிந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளைக் கண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வாடகைக்குக் கிடைத்த இடம் பீர் விற்கும் மதுக்கூடம் ஒன்றுதான் என்பது சுவையான செய்தி. 1901 முதல் ராபர்ட் போவில் என்ற போதகர் இம்முறையைப் பிற தேவாலயங்களுக்குப் பரப்பினார். இன்று தமிழ்க் கிறித்தவர்கள் 'வி.பி.எஸ்.' என்று சுருக்கிச் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கம் இதுவே.

பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பான கூரை வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். செம்பூரிலும் பெரும்பாலான பெற்றோரின் தேவை இன்று அதுதான். அதில் குறை காண ஏதுமில்லை.

இயற்கை என்பது சமய வகுப்புக்குள் நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். 1979ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். 1986 செப்டம்பரில், உலக இயற்கை நிதியத்தின் 25ஆம் ஆண்டையொட்டி அதே அசிசி நகரில் பௌத்தம், கிறித்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூத சமயம் ஆகிய ஐந்தின் பிரதிநிதிகள் கூடினர். ஒவ்வொரு சமயமும் இயற்கையைக் காக்கும் தன் கடமையைத் தன் மொழியிலேயே அறிக்கையாக வெளியிட்டது. இந்து சமயத்தின் சார்பில் அவ்வறிக்கையை வழங்கியவர் கரண் சிங். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலுக்குப் பிறகு, கத்தோலிக்கப் பங்குகளின் சிறுவர் வகுப்புகளில் இப்பொருள் வலுப்பெற்றது. பம்பாய் உயர்மறைமாவட்டத்தில் சுற்றுச்சூழலுக்கெனத் தனி அலுவலகம் இயங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபையும் சூழலியலுக்குத் தனித் துறை அமைத்துப் பள்ளிகளில் பசுமைத் திட்டங்களை நடத்தி வருகிறது.

தமிழ்ச் சைவ, வைணவ மரபில் இதற்குப் புதிய அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை என்றே சொல்லலாம். தல மரம் இல்லாத பழைய கோயில் அரிது. ஊர்ப்புறங்களில் ஐயனார், அம்மன் கோயில்களைச் சூழ்ந்த காடுகளில் கிளை ஒடிப்பதும் விலக்கப்பட்டிருந்தது. சென்னையில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம், அத்தகைய கோயில் காடுகள் பலவற்றை மீட்டெடுத்துள்ளது. மரம் நட்டவருக்கு, அதன் கனியைப் பறவை உண்டாலும் அது தருமமாகும் என்ற நபிமொழி முஸ்லிம் வீடுகளில் அறியப்பட்டதே. ஆக, சொல்லித்தர எந்தச் சமயத்திலும் பொருள் குறைவில்லை. சொல்லித் தரும் இடம் எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

புகைபோக்கிகளுக்கு அருகே வளரும் பிள்ளைகள்

செம்பூரின் தென்கிழக்கில் டிராம்பே, மாஹுல் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் உள்ளன. 2009ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை அளவிட்டபோது, செம்பூர் 'கடுமையாக மாசடைந்த' பகுதிகளின் வரிசையில் இடம்பெற்றது. மாஹுல், அம்பாபாடா பகுதிகளின் காற்று மாசு தொடர்பாக 2020 ஆகஸ்ட் மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 4 நிறுவனங்கள் மொத்தம் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. வடகிழக்கே 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார் கிடங்கு இருக்கிறது. 2016 ஜனவரி இறுதியில் அங்கு மூண்ட தீயின் புகை நகரை மூட, அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளையை மண்டபத்தில் அமர்த்தி, அருவியும் மானும் உள்ள படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வதை இயற்கை முகாம் என்று அழைப்பது பொருந்தாது. கடுகு விதை உவமையைச் சொல்லிவிட்டுப் பஞ்சில் கடுகு முளைக்கவைப்பது நல்ல பயிற்சிதான். மூன்று நாளில் முளை தெரியும், பிள்ளைகள் மகிழ்வார்கள். எனினும் முகாம் முழுவதும் அப்படியே கழிந்தால், அது வழக்கமான விடுமுறை வகுப்புக்குப் புதிய பெயர் சூட்டியதாகவே முடியும்.

வெளியே அழைத்துச் செல்ல இடமில்லை என்ற காரணமும் செம்பூருக்குப் பொருந்தாது. கிழக்கே தானே கடற்கழி. அதன் ஒரு பகுதி 2015 ஆகஸ்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் அளவில் வந்து சேரும் சிறு பூநாரைகளும் பெரும் பூநாரைகளும் மே இறுதிவரை இங்குத் தங்குகின்றன. தமிழ்நாட்டில் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் காணப்படுவதும் இந்தப் பூநாரை இனமே. அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நீரை வடித்து உண்ணும் பறவை இது. உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிகளிலும் உள்ள நிறமியே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது; குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இதில் உண்டு. நகரின் கழிவுநீர் கலப்பதால் கடற்கழியில் பாசி பெருகியதும் பூநாரைகள் இங்குத் திரளக் காரணங்களுள் ஒன்று என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அழகும் அழுக்கும் ஒரே நீரில் இருக்கின்றன. 2024 மே 20ஆம் தேதி இரவு, தரையிறங்கவிருந்த விமானம் மோதி, செம்பூரை அடுத்த காட்கோபரில் 30க்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்து வீழ்ந்தன. அது பள்ளி விடுமுறைக் காலம். மறுநாள் காலை அப்பகுதிப் பிள்ளைகள் முதன்முதலாகப் பூநாரையை அருகில் கண்டது அவ்வாறு இருந்திருக்கக்கூடும். படைப்பைக் காப்பது, உயிர்களிடத்துக் கருணை கொள்வது என்று எந்தச் சமயச் சொல்லால் விளக்கினாலும், விளக்குவதற்கு இதைவிட அருகில் வேறு நிகழ்வு தேவையில்லை.

சிதம்பரத்தின் மரம் தானே கடற்கழியில்

தானே கடற்கழியின் கரையெங்கும் அலையாத்திக் காடு. அதில் மிகுதியாக உள்ளது வெண்கண்டல். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல்கள்போல் மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட மரம் கண்ட வழி அது. மராத்தியில் 'பாண்டரி சிப்பி' எனப்படும் அலையாத்தி மரத்தை 2020ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு மாநில அலையாத்தி மரமாக அறிவித்தது.

மும்பையின் கடற்கழிகளில் காணப்படும் மற்றோர் அலையாத்தி மரம், தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிப் பொருளுடையது. அது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தல மரம் அதுவே. இன்று அதைப் பார்க்கச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குச் செல்ல வேண்டும். நடராசரை வீட்டுப் படத்தில் கண்டு வளர்ந்த செம்பூர்ப் பிள்ளைக்கு, அந்தப் பெயருக்குரிய மரம் தன் நகரின் உப்புச் சேற்றிலும் நிற்கிறது என்பது எந்தப் பாடநூலும் தராத செய்தி. ஆங்கில வழியில் பயின்று, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு மரங்களின் தமிழ்ப் பெயர் தெரிய வேறு வாய்ப்பும் குறைவு. பறவை ஆர்வலர் சங்கங்களின் முகாமில் கிடைக்காத, சமூக அமைப்புகளின் முகாமில் மட்டுமே கிடைக்கக்கூடிய பயன் என்று இதைக் குறிப்பிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தில்லை மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே பறிக்கும். 'பார், தொடாதே' என்ற கட்டளை இங்கு வெறும் ஒழுக்க விதி அன்று. மரத்தை இனங்காணத் தெரிந்தவர் உடன் வராமல் கடற்கழிக்குள் பிள்ளைகளை இறக்கக் கூடாது.

குப்பைமேட்டில் எழுந்த பூங்கா

கடற்கழிக்குச் செல்ல இயலாத முகாம்களுக்கு அருகிலேயே வேறோர் இடம் இருக்கிறது. சயானைக் கடந்து பாந்த்ரா செல்லும் இணைப்புச் சாலையில், தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் அமைந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர் பரப்புள்ள இவ்விடம் ஒரு காலத்தில் நகரின் குப்பைக் கிடங்கு. மண் கொட்டி, மரக்கன்றுகள் நட்டு, ஆண்டுக்கணக்கில் பேணிய பின் 1994ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கு வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் காணப் பள்ளி மாணவர்கள் வருகின்றனர்.

தேவ்னார்க் குப்பை மலையை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைக்கு இப்பூங்கா சொல்லும் செய்தி தனித்தது. காலடியில் புதைந்திருப்பது குப்பை என்று கூறிவிட்டு, மேலே நிற்கும் மரத்தைக் காட்டினால் போதும். அதற்குமேல் சொற்பொழிவு வேண்டியதில்லை. சற்றுத் தொலைவு செல்ல முடிந்தால், போரிவிலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோரேகாவில் நடத்தும் கல்வி மையமும் உள்ளன. சமய அமைப்பிடம் இயற்கை அறிந்த ஆசிரியர் இல்லையெனில், இத்தகைய மையங்களின் வழிகாட்டிகளைக் கேட்டுப் பெறலாம். தாமே எல்லாம் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதைவிட அது மேல்.

வெயிலும் காற்றும் ஏற்றவற்றமும்

மும்பையின் மே மாதம் வெளிமுகாமுக்கு எளிய காலம் அன்று. கடலோர நிலையங்களில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாலே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி வெப்ப அலை. சமவெளியில் இவ்வரம்பு 40 டிகிரி. காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாததால் உடல் குளிர்வது தடைபடுகிறது. 2023 ஏப்ரல் 16ஆம் தேதி நவி மும்பையின் கார்கர் பகுதியில் நடந்த திறந்தவெளி விருது விழாவில், வெயிலில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தோரில் 14 பேர் உயிரிழந்தனர். ஆன்மிகத் தலைவர் ஒருவரைப் பாராட்டும் விழாவுக்குப் பக்தியோடு வந்த கூட்டம் அது. எழுந்து செல்லத் தயங்குவோர் மிகுந்த கூட்டத்தில் வெயில் இன்னும் கொடியது என்பதை முகாம் நடத்துவோர் மறக்கலாகாது. ஆசிரியர் அனுமதிக்காமல் தண்ணீர் குடிக்கவும் அஞ்சும் பிள்ளைகள் உண்டு.

எனவே வெளியே செல்லும் பகுதி காலை 7 மணிக்குத் தொடங்கி 10 அல்லது 10.30 மணிக்குள் முடிய வேண்டும். கதை, பாட்டு, வழிபாடு, கைவேலை ஆகியவற்றை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான அறிவிப்புகளில் இவ்வரிசை தலைகீழாகவே இருக்கிறது: காலையில் வழிபாடும் வகுப்பும், பிள்ளைகள் சோர்ந்த பின் 11 மணிக்கு மேல் 'இயற்கை நடை'. கால அட்டவணையைக் கேட்டு வாங்கினால், முகாம் நடத்துவோரின் அனுபவம் அதிலேயே தெரிந்துவிடும்.

மாதத்தின் நடுவில் திடீர்க் காற்றும் மழையும் வரும். 2024 மே 13ஆம் தேதி புழுதிக்காற்றில் சேடா நகர்ப் பெட்ரோல் நிலையத்தின் மீது ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் மாண்டது இப்பகுதி மக்களின் நினைவில் நீங்காதது. வெளியே செல்லும் நாளில் வானிலை எச்சரிக்கையைக் காலையில் பார்ப்பதும், எச்சரிக்கை வந்தால் பயணத்தைக் கைவிடுவதும் முகாம் பொறுப்பாளரின் வேலை.

கடற்கழிப் பயணத்துக்கு ஏற்றவற்றமும் முக்கியம். பூநாரைகள் சேற்றில் இறங்கி மேய்வது வற்றத்தில். படகு செல்ல ஏற்றம் வேண்டும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், கரையில் நின்று பார்ப்பதற்கும் படகில் செல்வதற்கும் உரிய நாள்கள் வேறுவேறு. இதைப் பாராமல் நாள் குறித்த குழுக்கள் வெறும் நீரைப் பார்த்துத் திரும்புவதுண்டு.

தெரிந்த இடம் என்பதற்காகக் கேட்காமல் விடலாமா?

வழிபாட்டிட முகாமுக்குப் பெற்றோர் முன்னுரிமை தருவதற்குக் கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்பது பெரிய காரணம். அந்த நம்பிக்கைக்கு மதிப்புண்டு. ஆனால் தனியார் கோடை முகாமிடம் பத்துக் கேள்வி கேட்கும் பெற்றோர், கோயில் அல்லது தேவாலய முகாமில் கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகின்றனர். கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது என்பதை முதலில் உணர வேண்டியவர்கள் முகாம் நடத்துவோரே.

சட்டம் இதில் எவருக்கும் சலுகை தரவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சமய நிறுவனத்தின் நிர்வாகிகளோ பணியாளர்களோ அந்நிறுவனத்தில் உள்ள குழந்தையிடம் புரியும் பாலியல் குற்றத்தைக் கூடுதல் தண்டனைக்குரிய கடுங்குற்றமாக வகைப்படுத்தியுள்ளது. அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 19ஆவது பிரிவு. நிறுவனத்தின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதே குற்றம். தன்னார்வலர்கள் யார், அவர்களைத் தேர்ந்தது எப்படி, எந்நேரமும் பிள்ளைகளுடன் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா, மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அமெரிக்க முகாம் சங்கம், பகல் முகாம்களில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வயதினர் 10 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. நீர்நிலை அருகே செல்லும் நாளில் அதிலும் கூடுதலானோர் வேண்டும். உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி எண் 1098. இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லித் தருவது நல்லது.

இன்னொரு கேள்வியைப் பலரும் தயங்கியே கேட்கின்றனர். ஒரே கட்டடத்தில் வசிக்கும் பிள்ளைகள் சேர்ந்தே முகாமுக்குப் போக விரும்புவர்; ஒருவர் வீட்டில் சிலுவை, மற்றவர் வீட்டில் வேல். அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் முகாம் திறந்திருக்கிறதா, திறந்திருந்தால் வழிபாட்டு நேரத்தில் அப்பிள்ளை என்ன செய்யும்? அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனங்களில், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவின்றிச் சிறாரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு. வழிபாட்டிடம் தன் செலவில் நடத்தும் கோடை வகுப்பு இப்பிரிவின் கீழ் நேரடியாக வருவதில்லை. எனினும் அதிலுள்ள நியாயம் எளிமையானது: நிகழ்ச்சி நிரலில் சமயப் பகுதி எது, இயற்கைப் பகுதி எது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால், பெற்றோர் அறிந்து முடிவெடுப்பர், பின்னாளில் மனத்தாங்கல் எழாது. 'இயற்கை முகாம்' என்று மட்டும் அறிவித்துவிட்டு நாளெல்லாம் மறைப்பாடம் நடத்துவது, சொந்தச் சமயத்தைச் சேர்ந்த பெற்றோரிடமும் நேர்மையானது அன்று.

நாள் குறிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று: மழை நெருங்க நெருங்கப் பூநாரைகள் கடற்கழியை விட்டுக் கிளம்பத் தொடங்கும். பள்ளி திறக்கும் முன் நடத்தினால் போதும் என்று ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளிவைக்கும் முகாம்களுக்கு அவை கிடைப்பது அரிது. மே மாதத்தின் முதல் இரு வாரங்களில், வற்றம் காலையில் அமையும் நாளாகப் பார்த்து, கடற்கழிக்குச் செல்வதே ஏற்றது.